மூலம் முன்னே, உரை பின்னே: தமிழில் வேதம் ஆராயத் தேவையான கருவிகள்

கனகம்மாசத்திரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் வேதபாடத்துக்கு உட்காருகிறோம். வெளியே திருப்பதி நெடுஞ்சாலையில் பேருந்துகள் இரைந்துகொண்டு போகும். ஒருநாள் பாடம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, இனிமே வேதத்தை ஒழுங்கா ஆராய்ஞ்சு படிக்கணும்னு இருக்கேன். மூவாயிரம் ரூபா ஒதுக்கி வச்சிருக்கேன். என்ன புஸ்தகம் வாங்கட்டும்?” அவருடைய கைப்பேசியில் அதற்குள் ஒன்பது வேதாகமச் செயலிகள் இருந்தன. எதையும் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து திறந்ததில்லை என்றார்.

நம் தாத்தா பாட்டிகளிடம் ஒரு வேதாகமமும் ஒரு பாட்டுப் புத்தகமும் இருந்தன. அவற்றை அவர்கள் கரைத்துக் குடித்தார்கள். இன்று விளக்கவுரை, ஆய்வுப் பதிப்பு, அகராதி, செயலி, காணொளி என்று குவிந்து கிடக்கிறது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் பலர் வாக்குத்தத்த வசனத்தோடும் தியான நூலின் அரைப் பக்கத்தோடும் நின்றுவிடுகிறார்கள். கருவி இல்லாத குறை நமக்கு இல்லை. எதை எதற்குப் பின் எடுப்பது என்ற வரிசைதான் தெரியவில்லை.

அந்த வரிசை தமிழருக்குப் புதியதும் இல்லை. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டார்கள் என்று படித்திருக்கிறோம். ஆனால் குறளை மனப்பாடம் செய்த பிறகுதான் பரிமேலழகரிடம் போனார்கள் நம் முன்னோர். மூலம், பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை என்ற படிகளை நம் மரபு என்றோ வகுத்துவிட்டது. வேதத்தை ஆராயவும் இதே படிகள்தான் என்பது என் துணிவு. இந்தக் கட்டுரையில் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ரூத்தின் சரித்திரத்தின் மேல் வைத்துப் பார்க்கிறேன். 4 அதிகாரம், 85 வசனம். ஒரு மாலையில் இரண்டு தடவை படித்துவிடலாம். ஒரு கருவி பயன்படுமா என்று தெரிய அந்தச் சிறிய புத்தகம் போதும்.

எந்தத் தமிழ் வேதாகமம்?

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது தரங்கம்பாடியிலேயே அச்சானது. இந்திய மொழி எதிலும் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்த நிலையில் 1719இல் அவர் இறந்தார். மீதியை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். பிறகு சென்னை வேப்பேரியில் பப்ரீசியஸ் ஏறக்குறைய வாழ்நாள் முழுவதையும் திருத்திய மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. பழைய ஏற்பாடு முழுமையாக அச்சேறும் முன் 1791இல் அவர் மறைந்தார். லுத்தரன் சபைகள் பல தலைமுறைகள் அந்தப் பதிப்பை விடாமல் வைத்திருந்தன. பாளையங்கோட்டையில் இரேனியஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பெர்சிவல் என்று முயற்சிகள் தொடர்ந்தன. கடைசியில் பல சபைகள் சேர்ந்து அமைத்த குழுவுக்கு ஹென்றி பவர் தலைமை ஏற்க, முத்தையா பிள்ளை தமிழ்ப் புலமை கொடுக்க, 1871இல் ஐக்கியத் திருப்புதல் வெளிவந்தது. இன்று நம் கையில் ‘பரிசுத்த வேதாகமம்’ என்று இருப்பது பெரும்பாலும் அதுதான்.

அதன் பிறகு லார்சன், ஜி. எஸ். துரைசாமி ஆகியோரின் திருத்திய மொழிபெயர்ப்பு 1936இல் வந்தது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வந்தது. எளிய தமிழில் ‘எளிதில் வாசிக்கும் பதிப்பு’ இருக்கிறது. யாரும் இலவசமாகப் பகிரக்கூடிய உரிமத்தோடு இந்தியத் திருத்திய பதிப்பும் 2019இல் கிடைத்தது.

இத்தனை மொழிபெயர்ப்புகள் ஏன் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது சலிப்பாகத் தோன்றவில்லை. கடவுளைக் குறிக்கும் சொல்லையே பாருங்கள். சீகன்பால்கு சர்வேசுரன் என்றார். பப்ரீசியஸ் பராபரன் என்றார். 1871இல் தேவன் என்றார்கள். 1936லும் 1995லும் கடவுள் என்றார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் தமிழ்ச் சமயச் சூழலை எடைபோட்டு எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுகிறவர் அந்த முடிவுகளை நேரில் காண்கிறார்.

மொழிநடை மட்டுமல்ல, மூலப்படியும் மாறியிருக்கிறது. 1871 பதிப்பின் புதிய ஏற்பாடு ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பைப் போல, பிற்காலக் கையெழுத்துப் படிகளை ஒட்டி அச்சிட்ட கிரேக்க மூலத்தைச் சார்ந்தது. மிகப் பழைய படிகளை ஆராய்ந்து வெஸ்ட்காட்டும் ஹோர்ட்டும் கிரேக்க மூலத்தை வெளியிட்டது 1881இல், அதாவது தமிழ்ப் பதிப்புக்குப் பத்து ஆண்டு கழித்து. அதனால்தான் 1 யோவான் 5:7இல் பரலோகத்தில் சாட்சி கொடுக்கும் மூவரைப் பற்றிய வாக்கியம் பழைய பதிப்பில் இருக்கிறது, 1995 பதிப்பில் இல்லை. “வசனத்தையே வெட்டிவிட்டார்கள்” என்று கோபப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெட்டவில்லை. அது பழைய கிரேக்கப் படிகளில் இல்லை. திரித்துவ விசுவாசம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கவும் இல்லை.

ஆகவே முதல் செலவு இரண்டு வேதாகமங்களுக்கு. ஒன்று 1871 பதிப்பு. அது நம் ஜெபத்திலும் பாட்டிலும் பிரசங்கத்திலும் ஊறிய மொழி. வசன எண்ணும் சொல்லும் மனதில் நிற்பது அதில்தான். பழைய துணைநூல்களும் அதை ஒட்டியே எழுதப்பட்டவை. இரண்டாவது 1995 பொது மொழிபெயர்ப்பு. இதில் உரைநடை பத்தியாகவும் கவிதை அடி அடியாகவும் அச்சாகியிருப்பதால், எங்கே சிந்தனை திரும்புகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஒத்தவாக்கியக் குறிப்புகள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. ரூத் மோவாபிய ஸ்திரீ என்று கதை திரும்பத் திரும்பச் சொல்கிறதே, ஏன்? ஒத்தவாக்கியம் உங்களை உபாகமம் 23:3க்கு அனுப்பும். மோவாபியன் சபைக்குள் வரக்கூடாது என்ற கட்டளை அங்கே இருக்கிறது. இன்னொரு குறிப்பு மத்தேயு 1:5க்கு அனுப்பும். அங்கே இயேசுவின் வம்ச வரலாற்றில் ரூத்தின் பெயர் இருக்கிறது. விளக்கவுரை ஒன்றும் வாங்காமலே புத்தகத்தின் நெஞ்சைத் தொட்டுவிட்டீர்கள்.

எல்லை ஊரின் இரண்டாம் மொழி

திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்றும் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அடுப்படியில் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிறார்கள். எங்கள் வேதபாடத்துக்குப் பெரியம்மா ஒருவர் தெலுங்கு வேதாகமத்தோடு வருவார். யோவான் 4ஆம் அதிகாரம் படித்த அன்று, தமிழில் சமாரிய ஸ்திரீ கிணற்றடியில் இயேசுவிடம் முதல் பேச்சிலேயே “நீர்” என்கிறாள். பெரியம்மா தெலுங்கில் வாசித்தபோது அவள் “நீவு” என்றாள். நீவு என்றால் நம் ‘நீ’தான். எல்லோரும் தலைநிமிர்ந்தோம். அறிமுகமில்லாத ஒரு யூத ஆணிடம் அவள் மரியாதையாகப் பேசினாளா, எடுத்தெறிந்து பேசினாளா?

கிரேக்கத்தில் ஒருவரைப் பார்த்துப் பேச இருந்தது ஒரே சொல். நீ, நீர், நீங்கள் என்ற படிகள் அங்கே இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஆண்டவரிடம் பேசுவதால் ‘நீர்’ என்று வைத்தார். அதில் பக்தி இருக்கிறது. ஆனால் சந்தேகத்தோடு தொடங்கி, ஆண்டவரே என்றும், தீர்க்கதரிசி என்றும், பிறகு கிறிஸ்துவோ என்றும் அவள் படிப்படியாக ஏறிய ஏற்றத்தின் முதல் படி நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அன்று அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பெரியம்மாவின் மடியில் இருந்த தெலுங்கு வேதாகமம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கிரேக்கத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அந்த வேறுபாடு கிடையாது. மாற்கு 4:38இல் புயலில் சிக்கிய சீஷர்கள் இயேசுவை எழுப்பும்போது, மடிகிறவர்களாகத் தங்களைச் சொல்லும் சொல் தமிழில் ‘நாங்கள்’. அவரும் அதே படகில்தான் இருக்கிறார். ஆனாலும் ‘நாம்’ என்று அவர்கள் சொல்லவில்லை. இது மொழிபெயர்ப்பாளர் செய்த விளக்கம். நல்ல விளக்கம்தான், ஆனால் விளக்கம். ஆங்கில நூல்களை மட்டும் வைத்துப் படிக்கிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. தாய்மொழி வேதாகமமே ஓர் ஆய்வுக் கருவி என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே தெலுங்கோ, மலையாளமோ, கன்னடமோ படிக்கத் தெரிந்த வீட்டில் அந்த மொழி வேதாகமத்தை மேசையில் வையுங்கள். பெரிய விலையில்லாத, பெரிய பலன் தரும் கருவி அது. தமிழ்ப் பழைய ஏற்பாட்டை முடித்த அதே சூல்ட்சே சென்னைக்கு வந்து தெலுங்கிலும் வேதத்தை மொழிபெயர்த்தார் என்பது வரலாறு. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஜேக்கப் சேம்பர்லின் மதனப்பள்ளியில் இருந்து தெலுங்கு வேதாகமத் திருத்தத்துக்கு உழைத்து, முதுமையில் தெலுங்கு வேதாகம அகராதி ஒன்றையும் தொடங்கினார். அது முடியும் முன் 1908இல் இறந்தார். நம் வட்டாரத்தின் இரண்டு மொழிகளுக்கும் இந்த உழைப்பில் பங்கு இருக்கிறது.

நோட்டுப் புத்தகம்

இரண்டாவது கருவி ஒரு கோடு போட்ட நோட்டு. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எல்லாக் கருவிகளிலும் இதுதான் அதிகம் கற்றுத்தருகிறது. மாணவர் ஐக்கியங்களில் பழகியவர்களுக்கு மூன்று படி தெரியும்: கவனி, பொருள் காண், வாழ்வில் பொருத்து. நாம் பெரும்பாலும் முதல் படியைத் தாண்டிக் குதித்து மூன்றாவதில் விழுகிறோம்.

கவனிப்பது என்றால் கையால் எழுதுவது. ரூத் முதல் அதிகாரத்தை அப்படியே பார்த்து எழுதுங்கள். ‘திரும்பி’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று உங்கள் பேனாவே சொல்லும். யார், எங்கே, எப்போது, யாரிடம் என்று ஓரத்தில் குறியுங்கள். ‘ஆகையால்’, ‘ஆனாலும்’, ‘அப்பொழுது’ வரும் இடங்களில் வட்டமிடுங்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்தேவான் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்டியன் அச்சகத்தில் போட்டவை. அவை இடம் கண்டுபிடிக்க உதவும். கருத்து அங்கே முடிகிறது என்று அர்த்தமில்லை. எண்களை மறைத்துவிட்டு ஒரு புத்தகத்தை ஒரே மூச்சில் படித்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஒத்தவாக்கிய அகராதியும் ஒரு எச்சரிக்கையும்

மூன்றாவது, கன்கார்டன்ஸ் என்று நாம் சொல்லும் ஒத்தவாக்கிய அகராதி. ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டுவது. ஆங்கிலத்தில் 1737இல் அலெக்சாண்டர் க்ரூடன் தொகுத்ததும், 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் தொகுத்ததும் புகழ்பெற்றவை. ஸ்ட்ராங் ஒவ்வொரு எபிரெய, கிரேக்கச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தார். எபிரெய எழுத்து தெரியாதவரும் எண்ணைப் பிடித்து மூலச் சொல்லைத் தொடரலாம்.

தமிழ்ச் சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்களிலும் ‘கிருபை’ வருகிறது. ஆதியாகமம் 6:8இல் நோவாவுக்குக் கிடைத்ததும் கிருபை. எபேசியர் 2:8இல் நம்மை இரட்சித்ததும் கிருபை. ஒரே சொல் என்று நினைத்து மூன்றையும் கோத்துப் பிரசங்கம் செய்துவிடுவோம். மூலத்தில் மூன்றும் வேறு. சங்கீதத்தில் ஹெசெத், ஆதியாகமத்தில் ஹேன், எபேசியரில் காரிஸ்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஹெசெத் என்ற அந்த எபிரெயச் சொல் பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய 250 தடவை வருகிறது. உறவு வைத்தவரைக் கைவிடாத, கடமைக்கு மேலே போய் நிற்கிற பற்றுறுதியான அன்பு என்று அதை விளக்கலாம். ஸ்ட்ராங் எண் 2617. 136ஆம் சங்கீதத்தில் அதைக் கிருபை என்ற 1871 பதிப்பு, ஓசியா 6:6லும் மீகா 6:8லும் இரக்கம் என்கிறது. இப்போது ரூத்துக்கு வாருங்கள். அந்தச் சொல் அங்கே மூன்று இடத்தில் வருகிறது. 1:8இல் நகோமி தன் மருமக்களை வாழ்த்தும்போது தமிழில் ‘தயை’. 2:20இல் கர்த்தரைப் பற்றிப் பேசும்போது ‘தயவு’. 3:10இல் போவாஸ் ரூத்தைப் பாராட்டும்போது ‘நற்குணம்’. தமிழில் மூன்று மணிகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. எபிரெயத்தில் ஒரே நூல் அவற்றைக் கோக்கிறது. மருமக்கள் காட்டியதும், கர்த்தர் காட்டுவதும், அந்த மோவாபியப் பெண் காட்டியதும் ஒரே அன்பு. கர்த்தருடைய குணத்துக்கு வைத்த பெயரை ஓர் அந்நியப் பெண்ணின் குணத்துக்கும் வைத்துவிட்டது அந்தப் புத்தகம். இதை முதன்முதலில் நோட்டில் எழுதியபோது எனக்கு மேலே படிக்க முடியவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஸ்ட்ராங் எண் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களின் மேல் கட்டியவை. தமிழ் வாசகர் வசன எண்ணைப் பிடித்து ஆங்கிலம் வழியாகத்தான் மூலத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. ஓரளவு ஆங்கிலம் இருந்தால் போதும், செய்துவிடலாம்.

எச்சரிக்கை இதுதான்: மூலச் சொல்லைக் கண்டதும் பொருளைப் பிடித்துவிட்டோம் என்று எண்ணக்கூடாது. யோவான் 21இல் இயேசு பேதுருவிடம் மூன்று தடவை கேட்கிறார். கிரேக்கத்தில் அகபாவோ, ஃபிலேயோ என்று இரண்டு வினைகள் மாறி வருகின்றன. கிங் ஜேம்ஸ் பதிப்பு இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டது. நம் 1871 பதிப்பு ‘அன்பாயிருத்தல்’, ‘நேசித்தல்’ என்று பிரித்துக் காட்டியது. தமிழ் மொழிபெயர்ப்பாளரின் நுட்பம் அது. ஆனால் இதை வைத்து முதல் சொல் தெய்வீக அன்பு, இரண்டாவது வெறும் நட்பு என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பிதா குமாரனை நேசிப்பதைச் சொல்ல யோவான் 3:35இல் முதல் வினையும், 5:20இல் இரண்டாவது வினையும் வருகின்றன. சொல்லின் பொருளை அது நிற்கும் வாக்கியம்தான் சொல்லும். அகராதி வழிகாட்டலாம், நீதிபதியாக முடியாது.

பழைய தமிழுக்கு ஓர் அகராதி

நாலாவது கருவியைப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை: ஒரு நல்ல பழைய தமிழ் அகராதி. 1871 பதிப்பின் தமிழ் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். மத்தேயு 20:2இல் கூலியாட்களுக்கு நாள் ஒன்றுக்குப் பேசிய கூலி ஒரு ‘பணம்’. இன்றைய பிள்ளை ‘ஏதோ கொஞ்சம் காசு’ என்று படிக்கும். அன்று பணம் என்பது ஒரு நாணயத்தின் பெயர். கிரேக்கத்தில் அங்கே இருப்பது தெனாரியம், ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. இது தெரியாவிட்டால் உவமையின் கணக்கே புரியாது. லூக்கா 16இல் வரும் உக்கிராணக்காரன், பொருள்கள் வைக்கும் உக்கிராணத்தின் பொறுப்பாளன். ஆயக்காரன், சுங்கம் தண்டுகிறவன்.

இதற்கு ஏற்றது மிரன் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி. 1862இல் வந்தது, 67,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்டது. ஐக்கியத் திருப்புதல் வெளிவருவதற்கு ஒன்பதே ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டதால், அந்த மொழிபெயர்ப்பாளர்கள் பேசிய தமிழ் அதில் அப்படியே இருக்கிறது. வேதத்தை மொழிபெயர்த்த பப்ரீசியஸே ஓர் அகராதியும் தொகுத்தார், 1779இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளியானது. மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

ஊரும் நிலமும்

ஐந்தாவது, வேதாகம அகராதியும் வரைபடமும். இடங்கள் வெறும் பெயர்களாகவே இருந்தால் கதை காற்றில் மிதக்கும். பெத்லகேம் என்ற பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். அப்பத்தின் வீட்டில் பஞ்சம் வந்து ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று ரூத் தொடங்குகிறது. வரைபடத்தைப் பார்த்தால் மோவாப் தேசம் சவக்கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டு விதவைகள் நடந்து வந்த பாதை கடல் மட்டத்துக்குக் கீழே பல நூறு மீட்டர் இறங்கி, மறுபடி மலைநாட்டுக்கு ஏறும் பாதை. எருசலேமிலிருந்து பெத்லகேம் 9 கிலோமீட்டர்தான், நாங்கள் இங்கிருந்து திருத்தணிக்குப் போகும் தூரத்தைவிடக் குறைவு.

நிலத்தைப் பொறுத்தவரை சில வேளை நம் அனுபவமே அகராதி. கதிர் பொறுக்குவது என்றால் என்ன என்று எங்கள் வேதபாடத்தில் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. நெல் அறுத்த வயலில் சிந்திய கதிரையும், வேர்க்கடலை பிடுங்கிய கொல்லையில் மண்ணுக்குள் தங்கிய கடலையையும் பொறுக்கிய கைகள் அங்கே இருந்தன. சொந்த நிலம் இல்லாதவள் அடுத்தவர் வயலில் குனியும்போது அவளுக்கு என்ன பயம் இருக்கும் என்று ஓர் அக்கா சொன்னார். ஏழைக்கு விட்டுவைக்கச் சொல்லும் லேவியராகமம் 19ஆம் அதிகாரச் சட்டத்தை அதன் பிறகு படித்தபோது அது சட்டமாகக் கேட்கவில்லை, ஆறுதலாகக் கேட்டது.

உரைகள்

இப்போதுதான் விளக்கவுரை. தம்பி மூவாயிரத்தையும் முதலில் போட நினைத்தது இதில்தான். உரையாசிரியர்களை மதிக்கவேண்டும். ஒருவர் முப்பது வருடம் தோண்டியதை நாம் ஒரு மணி நேரத்தில் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் நீங்கள் கவனித்து, எழுதி, தேடி, உங்கள் கேள்விகளோடு போனால்தான் அவர் சொல்வது உங்களுக்குள் இறங்கும். முதலிலேயே போனால் அவருடைய பதிலை மட்டுமல்ல, அவருடைய கேள்வியையும் கடன் வாங்குவீர்கள்.

குறைந்தது இரண்டு உரைகளைப் பாருங்கள், அவை இரண்டு காலத்தவையாக, இரண்டு மரபினவையாக இருக்கட்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய மாத்யூ ஹென்றி பக்திக்கு நல்லவர். அகழாய்வும் பழைய படிகளும் வெளிவருவதற்கு முன் எழுதியவர் என்பதை மறக்கக்கூடாது. 2015இல் வெளிவந்த தென்னாசிய வேதாகம விளக்கவுரை ஆங்கிலத்தில் ஒரே தொகுதி. நம் நிலத்துச் சாதி, வறுமை, பல சமயச் சூழல் தெரிந்தவர்கள் எழுதியது. தமிழில் இறையியல் நூல்களுக்கு 1858இல் வேர்விட்ட கிறிஸ்தவ இலக்கியச் சங்கமும், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், கத்தோலிக்கப் பக்கம் திண்டிவனம் விவிலிய நடுநிலையமும் நல்ல வாசல்கள்.

ஆய்வுப் பதிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. வசனமும் விளக்கமும் ஒரே பக்கத்தில் இருப்பது வசதி. ஆபத்தும் அதில்தான். 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு பதிப்பின் அடிக்குறிப்புகள் கடைசிக்காலத்தைப் பற்றி ஒரு குறிப்பிட்ட திட்டத்தைச் சொல்லின. கோடுக்கு மேலே இருப்பது வேதம், கீழே இருப்பது ஒரு மனிதரின் கருத்து என்ற வேறுபாடு பலருடைய மனதில் அழிந்துபோனது. பக்கத்தின் அடியை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு முதலில் மேலே படியுங்கள். பிறகு காகிதத்தை எடுங்கள்.

கைப்பேசி

காசே இல்லாதவருக்கும் இன்று வழி உண்டு. யூவெர்சன் செயலியில் தமிழ்ப் பதிப்புகளைப் படிக்கலாம், ஒப்பிடலாம். கேம்பிரிட்ஜ் டிண்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் தளத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் அதன் எபிரெய, கிரேக்க மூலமும் அது வரும் மற்ற இடங்களும் விரியும். கணினிக்கு ஈ-ஸ்வோர்டும் ஆண்ட்ராய்டுக்கு மைஸ்வோர்டும் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஹெசெத் பற்றி மேலே சொன்ன தேடலை இவற்றில் பத்து நிமிடத்தில் நீங்களே செய்து சரிபார்க்கலாம்.

ஆனால் தேடுவதற்குக் கைப்பேசி, வாசிப்பதற்குக் காகிதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் நேரத்தில் வரும் ஒரு வாட்சப் செய்தி நகோமியின் கண்ணீரை அழித்துவிடும். கேள்வி கேட்டால் உடனே பதில் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அவை தரும் ஒவ்வொரு வசன எண்ணையும் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். இல்லாத இடத்தில் இருப்பதாக அவை சொல்வதுண்டு. பவுல் சொன்னதையே வேதவாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் பாராட்டுகிறது. பவுலுக்கே அந்தச் சோதனை என்றால் செயலிக்கு எம்மாத்திரம்?

முடிவாக

என் தீர்ப்பு இது. ஒரு கருவி உங்களை மறுபடி வேதப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பினால் அது நல்ல கருவி. வேதப் பக்கத்தைத் திறக்காமலே திருப்திப்படுத்தி அனுப்பினால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அது உங்களுக்கு வேண்டாம்.

தம்பிக்கு நான் சொன்ன வரிசை: இரண்டு தமிழ் வேதாகமம், ஒரு நோட்டு, ஒத்தவாக்கிய அகராதி, வேதாகம அகராதியும் வரைபடமும், கடைசியாக ஒரு விளக்கவுரை. பழைய தமிழ் அகராதி இணையத்தில் இலவசம். திருவாலங்காடு ஸ்டேஷனில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் பார்க் டவுனில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் நடக்கும் தூரம்தான். வேப்பேரியில் ஈ.எல்.எஸ். புத்தகக் கடை இருக்கிறது. வாங்குவதற்கு முன் கையில் எடுத்து, ரூத் 2:20க்கு அந்த நூல் என்ன சொல்கிறது என்று நின்று படித்துப் பாருங்கள்.

சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கன்கார்டன்ஸும் பெரிய விளக்கவுரையும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கத் தேவையில்லை. சபைக்கு ஓர் அலமாரி போதும். ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் செலவழிக்கும் சபைகள் வருடத்துக்கு நாலு நூல் வாங்கினால், பத்து வருடத்தில் நாற்பது நூல் சேரும். சாவியை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள்.

தம்பி இன்னும் ரயிலேறவில்லை. போன வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். ரூத் முதல் இரண்டு அதிகாரங்கள் அதில் அவர் கையெழுத்தில் இருந்தன. சீகன்பால்கின் பழைய ஏற்பாட்டுப் பணி ரூத்தோடு நின்றது. ஆராயத் தொடங்குகிறவருக்கு அந்தப் புத்தகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.